சக்கரத்துக்கு நினைவில்லை!

1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள். மொனாக்கோ நாட்டின் மாண்டே கார்லோ சூதாட்ட மாளிகை. சுழலும் ரூலெட் சக்கரத்தில் பந்து கறுப்பில் விழுகிறது, மீண்டும் கறுப்பு, மீண்டும், மீண்டும் கறுப்பே! “இத்தனை கறுப்புக்குப் பின் சிவப்பு வந்தே தீரும்” என்று சீமான்கள் முண்டியடித்துப் பணத்தைக் குவித்தனர். பந்து அவர்தம் நம்பிக்கையை மதிக்கவில்லை. 26 முறை தொடர்ந்து கறுப்பே வந்தது என்பது வரலாறு. குவித்த செல்வம் கரைந்தது.

எங்கே தவறினர்? நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். சக்கரத்தில் 37 அறைகள். கறுப்பு 18, சிவப்பு 18, பூச்சியம் 1. தொடர்ந்து 26 முறை கறுப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 கோடியே 70 இலட்சத்தில் ஒன்றுதான். உண்மை! ஆனால் அது முதல் சுழற்சிக்கு முன் போடும் கணக்கு. 25 கறுப்பு வந்து முடிந்த பின், அடுத்து வருவது கறுப்பாக இருக்கும் வாய்ப்பு 37இல் 18. சிவப்புக்கும் அதே 18தான்! சக்கரத்துக்குக் கண்ணில்லை, கணக்கேடில்லை, பழைய கடனைத் தீர்க்கும் எண்ணமும் இல்லை. நினைவு மனிதனுடையது, அதைச் சக்கரத்தின் தலையில் ஏற்றியவனும் அவனே.

இலாட்டரியில் நெடுநாள் வராத எண்ணைத் தேடிப் பணம் கட்டுவோரின் மயக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1814லேயே சுட்டிக் காட்டினார். நூறாண்டு சென்றும் மயக்கம் தெளியவில்லை!

மாளிகை வெல்ல மாயமும் வேண்டாம், மோசடியும் வேண்டாம். 37 எண்களிலும் எண்ணுக்கு ஒரு பிராங்க் வீதம் வையுங்கள். எந்த எண் வந்தாலும் கைக்குத் திரும்புவது 36. எஞ்சிய ஒன்று மாளிகைக்கு! ஓரிரவில் ஒருவன் வெல்லலாம். ஓராயிரம் இரவுகளில் வெல்வது அந்த ஒன்றுதான்.

அதன் வலிமையை அரண்மனை அறிந்திருந்தது. 1863இல் பிரான்சுவா பிளாங்க் என்பார் மாளிகையை நடத்தும் உரிமை பெற்றார். வருவாய் பெருகிற்று. 1869இல் இளவரசர் மூன்றாம் சார்லஸ் தம் குடிமக்களின் நேர்முக வரிகளை நீக்கினார். ஆனால் அக்குடிமக்கள் அங்கே சூதாடத் தடை! வந்தவன் இழக்கலாம், வீட்டுக்காரன் இழக்கலாகாது!

“இம்முறை எனக்குத்தான்” என்று உள்ளம் துள்ளும்போது, “யார் சொன்னது?” என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். சக்கரம் சொல்லவில்லை, கணக்கும் சொல்லவில்லை. சொன்னது ஆசை. அதன் பேச்சைக் கேட்டுப் பையை அவிழ்ப்பதோ நாம்!