பேச்சு நின்றுபோன பேராசிரியர்

1095ஆம் வருஷம், பாக்தாத். நிஜாமிய்யா மதரஸாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலிக்கு ஒருநாள் வாய் திறந்தால் பேச்சு வரலை. சாப்பாடும் இறங்கலை. வைத்தியர்கள் பார்த்துட்டு, இது மனசில் பிடித்து உடம்புக்கு இறங்கின நோய், கவலை தீராம மருந்து கேட்காதுன்னு கைவிட்டுட்டாங்க. 900 வருஷத்துக்கு முந்தைய வைத்தியர்கள், பாருங்க!

என்ன கவலை? 'நான் பாடம் நடத்துவது இறைவனுக்காக இல்லை, பேருக்கும் புகழுக்கும்தான்' என்று அவருக்கே தெரிந்துபோச்சு. அவரை ஆதரித்த அமைச்சர் நிஜாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டிருந்தார். அந்த அரசியல் பயமும் சேர்ந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கும் அதை முழுசா ஒதுக்கத் தோணலை.

ஸூஃபி நூல்களை அவர் ஏற்கெனவே படித்து முடித்தவர். ஆனா ஆரோக்கியம்னா என்னன்னு தெரிவது வேற, ஆரோக்கியமா இருப்பது வேற, இல்லையா? சொத்தைப் பகிர்ந்து கொடுத்துட்டு டமாஸ்கஸ் போனார். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தனிமையில் இருந்தார்.

அவருடைய 'இஹ்யா' நூலில் ஒரு வைத்திய முறை வருது. உடம்புச் சூட்டைக் குளிர்ச்சியால் தணிப்பதுபோல, மனநோயை அதன் எதிர்ச்செயலால் தணிக்கணும். கஞ்சன் கொடுத்துப் பழகணும். கர்வம் பிடித்த சீடனை ஷெய்கு கடைத்தெருவுக்குப் பிச்சை எடுக்க அனுப்புவார். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது, ஆளைப் பார்த்துத்தான்.

1106இல் கஸ்ஸாலி மறுபடி பாடம் நடத்த உட்கார்ந்தார், இந்தத் தடவை நிஷாப்பூரில். முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது புகழை விடவைக்கும் கல்வியை, என்ற பொருளில் பிறகு எழுதி வைத்தார்.