மேல நீலம், கீழ பச்சை

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால் ரெண்டு மாசமா எதுவும் எழுதல. இப்ப எழுத வெச்சது அப்பாவோட போட்ட ஒரு சண்டை. தூர்தர்ஷன்ல ஒளிபரப்பு தொடங்கும்போது ஒரு கண்ணு சுத்தி சுத்தி வந்து நிக்குமே, அது என்ன கலர்? இவ்வளவுதான் சண்டை.

எனக்கு அது பழக்கமான கண் இல்லை. நான் சன் டிவி பிள்ளை. 2002ல் 'மெட்டி ஒலி' தொடங்கினப்ப எனக்கு அஞ்சு வயசு. கதை ஒண்ணும் புரியாது, ஆனா டைட்டில் பாட்டுல அவங்க ஆடுறதைப் பார்க்க ஓடி வந்துடுவேன். (அந்தப் பாட்டுக்கு ஆடினவங்களை இன்னிக்கு வரைக்கும் 'மெட்டி ஒலி சாந்தி'ன்னுதான் ஊரே சொல்லுது. ஒரு டைட்டிலுக்கு இருக்குற பவரைப் பாருங்க.) அப்பாவுக்கு அப்படி இருந்தது தூர்தர்ஷன் கண்ணு. இங்கே நந்திவரத்துல எதிர்வீட்டு வாசல்ல உக்காந்து வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்த்த ஆளு அவர்.

அப்பா சொன்னது இது: "மேல நீலமா இருக்கும். கீழ பச்சை. நடுவுல செவப்பா ஒரு பொட்டு."

நான் சிரிச்சுட்டேன். அவர் பார்த்தது 1980 வாக்கில். இந்தியாவுக்குக் கலர் ஒளிபரப்பு வந்ததே 1982ல, ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. எதிர்வீட்டுல இருந்தது கதவு வெச்ச சாலிடேர் கருப்பு வெள்ளைப் பெட்டி, இதையும் அவரேதான் சொல்லியிருக்கார். அப்புறம் எங்கேர்ந்து நீலம், பச்சை? யூட்யூப்ல கிடைச்ச பழைய பதிவுகளை ஒண்ணு விடாம ஓட்டிக் காட்டினேன். எதுலயும் அந்த மாதிரி இல்லை. "ஞாபகம் தப்பா இருக்குப்பா"ன்னு முடிச்சுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் மோட்டார் போட்டார்.

ஜெயிச்ச சந்தோஷத்துல அந்தக் கண்ணோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். இனிமே கொஞ்சம் கொசுவத்தி.

டெல்லியில் டிவி 1959 செப்டம்பர் 15ல் தொடங்குச்சு. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15. அப்போ டிவி என்பது ஆல் இந்தியா ரேடியோவுக்குள்ள ஒரு பிரிவு, அவ்வளவுதான். 1976 ஏப்ரல் 1ல் தூர்தர்ஷன்னு தனியா பிரிச்சாங்க. கண் திரைக்கு வந்ததும் அப்பதான். அதாவது நம்ம மெட்ராஸ் டிவி அந்தக் கண்ணை விட ஏழரை மாசம் மூத்தது!

வரைஞ்சவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போ மாணவர். மாணவர்களும் ஆசிரியர்களும் போட்ட 14 டிசைன்ல இவரோடதை இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார். இதுல ஒரு வேடிக்கை, அவர் வரைஞ்சது கண்ணே இல்லை. நடுவுல ஒரு வட்டம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வளைவு. சீனாக்காரங்களோட யின்-யாங் மாதிரி ஒரு யோசனை. பார்த்தவங்க அதைக் கண்ணாக்கிட்டாங்க, அதுவும் கண்ணாவே நின்னுடுச்சு.

அதைச் சுத்த வெச்சவர் அதே நிறுவனத்துல இருந்த ஆர்.எல். மிஸ்திரி. கம்ப்யூட்டர் கிடையாது. தேவாஷிஸ் வரைஞ்சதைப் பிரதிகள் எடுத்து, கேமராவுக்குக் கீழே வெச்சு, சுத்திச் சுத்திப் படம் பிடிச்சு, கடைசியில் கண் உருவத்துல கொண்டு வந்து நிறுத்தியிருக்கார். இசை பண்டிட் ரவிசங்கர், அவரோட உஸ்தாத் அலி அகமது உசேன் கான். அந்த ஷெனாய் இழுவையைக் கேட்டாலே எங்க அத்தை இப்பவும் "செய்தி போடப் போறான்"னு சொல்வாங்க. கீழே 'சத்யம் சிவம் சுந்தரம்'னு நாகரி எழுத்துல வரும். எதிர்வீட்டு வாசல்ல உக்காந்திருந்த யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. வருஷக்கணக்கா அதையும் ஒரு படமாத்தான் பார்த்திருக்காங்க.

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? ஒரு ஞாயித்துக்கிழமை நாப்பது வரி ஜாவாஸ்கிரிப்ட்ல அதை எழுதிப் பார்த்தேன். ரெண்டு வளைவு, ஒரு வட்டம், லூப்ல வெச்சு சுத்து. சுத்துச்சு. கண் ஆஸ்பத்திரி விளம்பரம் மாதிரி இருந்துச்சு! எங்கே தப்புன்னு அரை நாள் முழிச்சேன். அப்புறம் ஒவ்வொரு பிரேமையும் தனியா நிறுத்திப் பார்த்தப்பதான் விளங்குச்சு. பழைய படத்துல ஒரு சுத்து முடியும் முன்னாடியே அடுத்ததோட நிழல் மேல விழுது. ஒரு வளைவு நாலஞ்சா தெரியும், புகை மாதிரி, அப்புறம் ஒண்ணாகும். ஓட்டமும் வழவழன்னு இல்ல, லேசா உதறுது. கையால நகர்த்துற எந்த வேலைக்கும் அந்த உதறல் உண்டு. நான் கோடுல வேணும்னே அரை டிகிரி பிழை சேர்த்தேன், முந்தைய பிரேம் மெதுவா மறையுற மாதிரி வெச்சேன், ஒரு படம் ரெண்டு பிரேம் நிக்கட்டும்னு மாத்தினேன். இப்ப வந்துச்சு அந்தப் பழைய களை.

டைட்டில்ல இந்த மாதிரி சமாச்சாரம் உலகம் பூராவும் இருக்கு. அமெரிக்காவுல 1964ல வந்த 'கில்லிகன்ஸ் ஐலண்ட்'னு ஒரு காமெடித் தொடர். ஏழு பேர் தீவுல மாட்டிக்கிற கதை. முதல் சீசன் டைட்டில்ல படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது பின்னாடி ஒரு கொடி தெரியும், அரைக் கம்பத்தில். ஏன்னா ஹவாயில் அவங்க முதல் எபிசோட் எடுத்துட்டு இருந்தப்ப, 1963 நவம்பர் 22ல், கென்னடியைச் சுட்டுட்டாங்க. சிரிப்புத் தொடரோட டைட்டில்ல ஒரு நாட்டோட துக்கம் வாராவாரம் ஓடியிருக்கு. அதே பாட்டுல முதல்ல அஞ்சு பேரைச் சொல்லிட்டு மீதி ரெண்டு பேரை 'மற்றவர்கள்'னு தள்ளிட்டாங்க, நம்ம ஊர் 'மற்றும் பலர்' மாதிரி. ரெண்டாவது சீசன்லதான் அவங்களும் பாட்டுக்குள்ள வந்தாங்க.

நம்ம பக்கம் 1986ல வந்த 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் கதை, சங்கர் நாக் இயக்கம், ஹம்மிங்கா வர்ற டைட்டில் இசை நம்ம எல். வைத்தியநாதன். டைட்டில் ஓவியம் போட்டது நாராயணோட தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். ஒரு ஊரை முதல்ல தம்பியோட கோட்டுல காட்டிட்டு, அடுத்த நிமிஷம் மேற்குத் தொடர்ச்சி மலையில ஆகும்பே தெருவைக் காட்டுவாங்க. வரைஞ்ச ஊர் வேற, படம் பிடிச்ச ஊர் வேற. யாரும் கேள்வி கேட்கல. எனக்கும் கேட்கத் தோணல, அவ்வளவு நல்லா இருக்கும்.

சரி, கண்ணுக்கு வருவோம். பிற்பாடு அதுக்குப் பல அவதாரம். கலர் வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, பளபளப்பு ஏறுச்சு. 2017ல புது லோகோ வேணும்னு போட்டி வெச்சாங்க, பரிசு 1 லட்சம். அப்புறமும் பழைய வடிவம்தான் நிக்குது. 2024 ஏப்ரல்ல டிடி நியூஸ் லோகோ சிவப்பிலேர்ந்து காவிக்கு மாறினப்ப ஒரே களேபரம். அதிகாரிகள் அது ஆரஞ்சுன்னாங்க. அந்தக் கண்ணோட கலருக்காக அடிச்சுக்கிட்டது எங்க வீடு மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல்.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாங்க. என் லேப்டாப்ல கண்ணு சுத்துறதைப் பார்த்துட்டு, "இது நல்லாவே இல்லடா. எதிர்வீட்டுல கலரா இல்ல தெரியும்?" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்களுமா?

"அந்தக் கலர் கண்ணாடித் தாள் ஒட்டியிருப்பாங்களே, அதுல."

அந்தக் காலத்துல கருப்பு வெள்ளை டிவிக்கு முன்னாடி மாட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் வித்திருக்காங்க. மேல் பட்டை நீலம், நடுவுல சிவப்பு கலந்த மஞ்சள், கீழே பச்சை. வானம், முகம், புல்! எம்.ஜி.ஆர். வயல்ல ஓடினா ஓரளவு சரியா இருக்கும். குளோசப்னா நெத்தி நீலம், தாடை பச்சை. கண்ணு வந்தா மேல நீலம், கீழ பச்சை, நடுவுல செவப்பா ஒரு பொட்டு.

அப்பா சொன்னதுல ஒரு எழுத்து தப்பு இல்லை. நான் காட்டின வீடியோ எல்லாம் நிலையத்துலேர்ந்து என்ன கிளம்புச்சுன்னு சொல்லும். எதிர்வீட்டுல என்ன வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லாது. இதைப் போய் ஞாபகம் தப்புன்னு ஒரு மனுஷன்கிட்ட சொல்லியிருக்கேன்.

ராத்திரியே மூணு பட்டை கலரை மேலே போட்டு அப்பாகிட்ட லேப்டாப்பை நீட்டினேன். மன்னிப்பெல்லாம் எங்க வீட்டுல வழக்கம் இல்லை, இதான் மன்னிப்பு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தார்.

"நிழல் ஒண்ணு விட்டுட்டியே. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இன்னொண்ணு தெரியும்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். நான்தானே மொட்டை மாடியில ஏறி ஆன்டெனாவைத் திருப்பினவன். 'ரெண்டா தெரியுது, திருப்புடா'ன்னு கீழேர்ந்து கத்துவாங்க. அந்தக் கண்ணு சுத்தி முடிக்குறதுக்குள்ள திருப்பியாகணும், இல்லேன்னா ஒரு பாட்டு போயிடும்."

இந்தத் தடவை நான் வாதாடல, கணக்குப் போட்டேன். சேப்பாக்கத்துலேர்ந்து கூடுவாஞ்சேரி 35-40 கிலோமீட்டர். சிக்னல் நேரா ஒரு தடவை வரும், எதுலயாவது மோதிட்டு இன்னொரு தடவை லேட்டா வரும். டிவி படத்தை இடமிருந்து வலமா வரையும். அப்ப லேட்டா வர்றது எப்பவும் வலப்பக்கம்தான் விழும். 300 மீட்டர் சுத்தி வந்தா 1 மைக்ரோ செகண்ட் தாமதம். ஒரு வரியில் படம் தெரியுற நேரம் 52 மைக்ரோ செகண்ட். 20 இஞ்ச் டிவின்னா திரை அகலம் 40 சென்டிமீட்டர் சொச்சம். ஆக 8 மில்லிமீட்டர் தள்ளி நிழல்.

8 மில்லிமீட்டர், வலது பக்கம், கொஞ்சம் மங்கலா. சேர்த்துட்டேன்.