புராஸ்டேட் வளர்ச்சிக்கு இரண்டு மருந்துகள்: தளர்த்துவது ஒன்று, சுருக்குவது ஒன்று

வயதான ஆண்களுக்கு வரும் தொல்லைகளில் மிகச் சாதாரணமானது புராஸ்டேட் வளர்ச்சி. அதைப் பற்றிப் பேசத்தான் பலருக்கும் கூச்சம். அறுபது வயதை ஒட்டிய ஆண்களின் புராஸ்டேட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி தெரியும். எண்பதைக் கடந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்காவது இருக்கும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

தொல்லை முற்றினால் அறுவை சிகிச்சைதான் என்றிருந்த நிலையை 1990களில் இரண்டு மருந்துக் குடும்பங்கள் மாற்றின. டாம்சுலோசின் போன்ற ஆல்பா தடுப்பான்கள் ஒரு குடும்பம். ஃபினஸ்டிரைடும் டுட்டாஸ்டிரைடும் மற்றொரு குடும்பம். இரண்டும் ஒரே சீட்டில், சில நேரம் ஒரே மாத்திரைக்குள்ளேயே எழுதித் தரப்படுவதால் இரண்டுக்கும் ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்று இன்றைய தொல்லையைக் குறைக்கிறது. மற்றது நாளைய ஆபத்தைக் குறைக்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரை சாப்பிடுகிறவர், ஒன்றைப் பாதியில் நிறுத்துகிறார் அல்லது மற்றொன்றை அளவுக்கு மேல் நம்பிவிடுகிறார்.

தொல்லையின் இரண்டு வேர்கள்

சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது புராஸ்டேட். இளம் வயதில் அதன் எடை சுமார் 20 கிராம். வயதாக ஆக, குழாயை ஒட்டிய உட்பகுதியில் திசு பெருகுகிறது. குழாய் இரண்டு விதமாக நெருக்கப்படுகிறது. சுரப்பியின் பருமன் அழுத்துவது ஒன்று. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைநார்கள் இறுகிக்கொள்வது மற்றொன்று. சுரப்பி சிறிதாக இருந்தும் ஒருவர் மிகவும் அவதிப்படுவதற்கும், பெரிதாக இருந்தும் இன்னொருவர் நிம்மதியாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

அறிகுறிகளும் இரண்டு வகை. சிறுநீர் வரத் தாமதமாவது, முக்க வேண்டியிருப்பது, மெலிந்த தாரை, விட்டு விட்டு வருவது, கடைசியில் சொட்டுவது, போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுவது ஆகியவை அடைப்பால் வருபவை. அடிக்கடி போவது, வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது, இரவில் பல முறை எழுவது ஆகியவை சிறுநீர்ப்பையின் எரிச்சலால் வருபவை. மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமையானது. லேசான நிலையில் இரவில் தண்ணீரையும் காபியையும் குறைத்துக்கொண்டு கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். மருந்து பற்றிய யோசனை அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

ஒரே பத்தாண்டில் முளைத்த இரண்டு எண்ணங்கள்

இரண்டு மருந்துகளுக்கும் விதை 1970களின் நடுவில் விழுந்தது. ஜெருசலேமில் மார்க்கோ கெய்ன் என்ற சிறுநீரியல் மருத்துவர், புராஸ்டேட் தசைகளை இறுக்கும் நரம்புச் சமிக்ஞையை மருந்தால் தடுத்தால் அடைப்பு இளகும் என்று காட்டினார். அவர் பயன்படுத்திய மருந்து இரத்த அழுத்தத்தையும் சேர்த்துத் தாழ்த்தியது. பிறகு வந்த டெராசோசின், டாக்சசோசின் ஆகியவையும் இரத்த அழுத்த மருந்துகளே. புராஸ்டேட்டின் தசைகளை மட்டும் பெரும்பாலும் குறிவைக்கும் டாம்சுலோசின் ஜப்பானில் உருவானது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மற்ற மருந்தின் கதை டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பெண்களாகக் கருதப்பட்டு வளர்ந்து, பருவ வயதில் ஆணுடல் பெற்றார்கள். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.ஹெச்.டி.யாக மாற்றும் ஒரு நொதி அவர்களிடம் குறைவாக இருந்ததை ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லியும் அவருடைய குழுவினரும் 1974இல் விளக்கினார்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்குப் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுக்க முடியுமா என்று தேடியபோது கிடைத்ததுதான் ஃபினஸ்டிரைடு. 1992இல் அது சந்தைக்கு வந்தது. டுட்டாஸ்டிரைடு அந்த நொதியின் இரண்டு வகைகளையும் தடுக்கிறது. இரத்தத்தில் டி.ஹெச்.டி. அளவை ஃபினஸ்டிரைடு சுமார் 70 விழுக்காடும், டுட்டாஸ்டிரைடு 90 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்கின்றன.

ஆக, கெய்னின் வழி தசையைத் தளர்த்துகிறது. சுரப்பியின் அளவு அப்படியே இருக்கும். மெக்கின்லி காட்டிய வழி சுரப்பியைச் சுருக்குகிறது; தசையின் இறுக்கத்தை அது நேரடியாகத் தொடுவதில்லை.

வேகத்தில் ஒன்று, காலத்தில் மற்றொன்று

டாம்சுலோசின் தொடங்கிய சில நாட்களிலேயே தாரை சீராகும். இரண்டு வாரத்தில் பலன் தெரிந்துவிடும். ஃபினஸ்டிரைடு சுரப்பியை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுத்துக்கொள்ளும்.

ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் மருந்துதான் வெல்லும். 1996இல் அமெரிக்காவில் 1,229 பேரிடம் நடத்திய ஆய்வில் அதுவே நடந்தது. தளர்த்தும் வகையைச் சேர்ந்த டெராசோசின் நன்றாக வேலை செய்தது. ஃபினஸ்டிரைடு வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. பங்கேற்றவர்களில் பலருக்குச் சுரப்பி அவ்வளவு பெரிதாக இல்லாததே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் விளங்கியது.

2003இல் வெளியான ஆய்வு 3,047 பேரைச் சராசரியாக நான்கரை ஆண்டு தொடர்ந்து பார்த்தது. நோய் முற்றும் வாய்ப்பை டாக்சசோசின் 39 விழுக்காடும், ஃபினஸ்டிரைடு 34 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 66 விழுக்காடும் குறைத்தன. இதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் இருந்தது. திடீரென்று சிறுநீர் அடைத்து டியூப் போடும் நிலையையும் அறுவை சிகிச்சைத் தேவையையும் நீண்ட காலத்தில் குறைத்தது ஃபினஸ்டிரைடும் கூட்டு மருந்தும்தான். டாக்சசோசின் தனியாக அதைச் செய்யவில்லை. உடனே சுகம் தந்த மருந்தால் அந்த ஆபத்தைத் தடுக்க முடியவில்லை. மெதுவாக வேலை செய்த மருந்து தடுத்தது.

பக்கவிளைவுகள்

டாம்சுலோசின் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். இரவில் படுக்கையிலிருந்து சட்டென்று எழும் முதியவர்கள் கீழே விழக்கூடும். விந்து வெளியே வராமல் போவதும் உண்டு. அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. கண்புரை அறுவையின்போது கண்ணின் கருவிழிப்படலம் தொய்ந்துபோய்ச் சிக்கல் தரலாம் என்பது 2005இல் தெரியவந்தது. கண் அறுவைக்குப் போகிறவர், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், இந்த மருந்தைப் பற்றிக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஃபினஸ்டிரைடும் டுட்டாஸ்டிரைடும் சிலருக்குப் பாலுணர்வையும் விறைப்பையும் குறைக்கும். மார்பில் வலியோ வீக்கமோ வரலாம். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையையோ கசிந்த கேப்சூலையோ தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. புற்றுநோயைத் தேட உதவும் பி.எஸ்.ஏ. அளவை இந்த மருந்துகள் பாதியாகக் குறைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவரின் அளவு 3 என்று வந்தால் அதை 6 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிவைப் பார்க்கும் மருத்துவருக்கு மருந்து விவரம் தெரியாவிட்டால் புற்றுநோய் தப்பிவிடக்கூடும்.

யாருக்கு எது?

சுரப்பி சிறியது, தொல்லை அதிகம் என்றால் டாம்சுலோசின் வகை மட்டுமே போதும். அவருக்கு ஃபினஸ்டிரைடு கொடுப்பது வீண். சுரப்பி 30 முதல் 40 கிராமுக்கு மேல் வளர்ந்து, தொல்லையும் இருந்தால் இரண்டும் சேர்ந்த சிகிச்சையே நல்லது. ஃபினஸ்டிரைடை மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவது தவறு. டாம்சுலோசினால் தாரை சீரானதும் நோயே போய்விட்டது என்று நம்பி, சுரப்பியின் அளவைப் பார்க்கும் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் அதே அளவுக்குத் தவறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டில் எந்த மருந்தைச் சாப்பிட்டாலும், சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் சில அடைப்பைத் தூண்டிவிடலாம்.

அதனால் மருந்துச் சீட்டை வாங்கும்போது மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் சுரப்பியின் அளவு என்ன, பி.எஸ்.ஏ. எவ்வளவு, இந்த மாத்திரை தளர்த்துவதா சுருக்குவதா. சிறுநீரில் இரத்தம் வந்தாலும், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும் எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.