தூக்குமேடையில் ஒரு பிராமணர்

1775 ஓகஸ்ட் 5ஆம் திகதி கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். குற்றம், கடன் பத்திரமொன்றைப் போலியாகத் தயாரித்தது. இங்கிலாந்தின் 1729ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மரணதண்டனை. அந்தச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் எண்டு வங்காளத்துச் சனங்களுக்கு ஆர் சொன்னது?

நந்தகுமார் பிராமணர். மனுஸ்மிருதியின் 8ஆம் அத்தியாயப்படி பிராமணனுக்கு மரணதண்டனையே கிடையாது. மற்றவனுக்குத் தலை போகும் இடத்தில் அவனுக்கு மொட்டையடித்தால் போதும். எந்தக் குற்றம் செய்தாலும் சொத்தோடு நாடுகடத்தலாம், கொல்லக்கூடாது.

'ஆங்கிலேயன் எல்லாரையும் சமமாத்தானே நடத்தியிருக்கிறான்' எண்டு தோன்றும். கொஞ்சம் பொறுங்கோ. அதே ஆண்டு மார்ச்சில்தான் நந்தகுமார், கவர்னர் ஜெனரல் வொரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சக் குற்றச்சாட்டு வைத்திருந்தார். தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் இலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஐரோப்பியர். அந்த நீதிமன்றமே 1774இல்தான் வந்தது; பத்திர விவகாரம் அதற்கு முந்தியது.

அதுக்காகப் பழைய நூல்களைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. முறைப்பாடு, மறுமொழி, சான்று, தீர்ப்பு என்று வழக்கின் நான்கு படிகளை யாக்ஞவல்கியர் பிரித்தது இன்றைய சிவில் வழக்குக்கும் அந்நியமில்லை. திருட்டுக்கு மனு சொல்வதும் சுவாரசியமானது: சூத்திரனின் குற்றம் 8 மடங்கு என்றால் பிராமணனுடையது 64 மடங்கு, அதற்கு மேலும் போகலாம். அறிந்தவன் செய்தால் பாரம் கூட என்பது கணக்கு. சிலர் இந்தச் சுலோகத்தை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதே அத்தியாயத்தில் வசவுக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது. பிராமணனை ஏசிய சத்திரியனுக்கு 100 பணம், சூத்திரனுக்கு உடல் தண்டனை. சூத்திரனை ஏசிய பிராமணனுக்கு வெறும் 12. அம்பேத்கர் தலைமையில் 1927 டிசம்பர் 25இல் மகாடில் எரிக்கப்பட்டது இந்த நூல்தான்.

இன்னொன்று. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்குச் சாஸ்திரமே சட்டம் என்று 1772இல் ஹேஸ்டிங்ஸ் திட்டம் போட்டார். அதாவது பிராமணரைத் தூக்கில் போடக் குறுக்கே நிற்காத சாஸ்திரம், குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது மட்டும் சட்டமாக நின்றது. இந்தியாவில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையை மத்திய சட்டம் கொடுத்தது 2005இல்.