குவாஷ் வண்ணமும் கண்டிச் சித்திர மரபும்

ஓவியம் பயிலத் தொடங்கும் மாணவர் கைக்கு எளிதிற் கிட்டும் வண்ணங்களுள் குவாஷ் ஒன்று. பெயர் பிரெஞ்சு மொழியினது. அதன் மூலமோ இத்தாலியச் சொல். ஆதலின் இதனை மேனாட்டார் தந்த புதுமை எனப் பலர் கருதுவர். பெயரை விடுத்துப் பொருளை நோக்கின் உண்மை வேறாகும். நிறப்பொடியைப் பிசினோடு நீரிற் குழைத்து, ஒளி ஊடுருவாவண்ணம் தீட்டுவதே குவாஷ். அம்முறை இந்நாட்டுக்குப் புதிதன்று.

கொழும்பிலிருந்து வரக்காப்பொல வழியே செல்லும் பெருஞ்சாலை கண்டியை அடையும். அந்நகரையடுத்த தெகல்தொருவைக் குகை விகாரையில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேவரகம்பொல சில்வத்தென்ன முதலியோர் சாதகக் கதைகளைத் தீட்டினர். இத்தகைய கலைகளைப் புரந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் (1747–1782) தென்னாட்டு நாயக்கர் வழியினன்.

1815இல் கண்டியரசு வீழவே, ஓவியர் அரச ஆதரவை இழந்தனர். தந்தையிடம் மகன் கற்ற வித்தை மறையத் தலைப்பட்டது. அதனை ஏட்டில் ஏற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அவர், மண்ணையும் கல்லையும் அறிந்த கண்ணோடு ஓவியர் பட்டறையையும் நோக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. வெண்மைக்கு மகுல் என்னும் வெண்மண், செம்மைக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கருமைக்கு விளக்குப் புகைக்கரி, இவற்றைப் பிணிக்க விளாம்பிசின் என்பன அம்மரபின் பொருள்கள். சாதிலிங்கம் என்னும் சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாதல் கருதத்தக்கது. இன்றைய குவாஷிலோ விளாம்பிசினுக்கு ஈடாக ஆபிரிக்க வேலமரப் பிசின் சேர்கின்றது.

பொருள் மட்டுமன்று, முறையும் ஒத்ததே. கண்டி ஓவியர் வெண்தளத்தின்மீது சில நிறங்களையே நிழலின்றிச் சமமாக நிரப்பி, இறுதியிற் கோட்டினால் உருவை வரையறுத்தனர். குவாஷ் பழகுவோர்க்கும் இதுவே நல்வழி. பிசின் வண்ணம் உலர்ந்தபின்னும் நீர் பட்டால் இளகும். ஆகவே மேற்பூச்சை மிகுந்த நீரின்றி விரைந்து இடல் வேண்டும். மிகத் தடித்த பூச்சு வெடிக்கும். உலருங்கால் நிறம் மாறுமாதலின், துண்டுத்தாளில் முன்னரே தீட்டிப் பார்த்தல் நன்று.

முதற்பாடத்துக்கு மூன்று நான்கு நிறங்களும் ஒரு தூரிகையும் போதும். விலையுயர்ந்த பெட்டி இல்லையே எனத் தயங்கும் தோட்டத்து மாணவர்க்கு, மண்ணும் கரியும் பிசினும் கொண்டு நிலைத்த ஓவியம் செய்தோர் அயலிலேயே வாழ்ந்தனர் என்னும் வரலாறு ஊக்கம் அளிப்பதாகும்.