இரண்டு செடிகளின் கதை

பாடியில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கணவன் இருபது வருஷம் லேத் பட்டறையில் நின்று உழைத்தவன், கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால் சம்பள நாள் வந்துவிட்டால் நிதானத்தோடு வீடு திரும்ப மாட்டான். ஒரு நாள் காலை அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வலிதாயநாதர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். மூன்றாம் நாளே பழைய கதை. இந்த மனுஷனுக்கு நெஞ்சே கிடையாதா?" என்று கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். அவளுடைய கேள்விக்கு விடை இரண்டு செடிகளின் சரித்திரத்தில் இருந்தது. இரண்டுமே நம் தேசத்தோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதல் செடியின் விதை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கிறோமே, அந்தக் கசகசா அபின் செடியின் விதைதான். மயக்கம் விதையில் இல்லை. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கிறது. கங்கைக் கரையில் காஜிப்பூரில் 1820-ல் வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். நம் குடியானவன் வடித்த பால் சீன தேசத்துக்குப் போயிற்று. தடுக்க முயன்ற சீனர்கள் மீது 1839-ல் யுத்தமே மூண்டது. ஒரு பெரிய ராஜ்யத்தையே தள்ளாட வைத்த அந்தச் சரக்கின் சாரத்தை ஜெர்மானிய மருந்துக்கடை உதவியாளர் ஒருவர் அதற்குப் பல வருஷங்கள் முன்பே பிரித்தெடுத்திருந்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வத்தை நினைத்து அதற்கு மார்ஃபியம் என்று பெயர் வைத்தார்; அதுதான் மார்ஃபின்.

எங்கோ வயலில் விளையும் ஒரு செடியின் பால் மனித மூளையை ஏன் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது? 1973-ல் அமெரிக்காவில் கான்டஸ் பெர்ட்டும் ஸாலமன் ஸ்னைடரும் அபின் வகைப் பொருள்கள் வந்து அமர்வதற்கென்றே மூளையில் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். செடிக்காகவா இயற்கை ஆசனம் போட்டு வைக்கும்? இல்லை. 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்தே அதே வேலையைச் செய்யும் பொருளைக் கண்டெடுத்தார்கள். வலியை ஆற்ற உடம்பே தயாரித்துக்கொள்ளும் அபின் என்று அதைச் சொல்லலாம்.

இரண்டாவது செடி சர்ப்பகந்தி. நம் வைத்தியர்கள் சித்தப்பிரமைக்குக் கொடுத்து வந்த வேர். கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் இதைப் பற்றி எழுதினார்கள். இரத்தக் கொதிப்பை இது தணிப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் உலகுக்கு எடுத்துரைத்தார். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் இந்த வேரின் சத்தைப் பிரித்து, ரிஸர்பின் என்று பெயரிட்டார்கள். ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோப்பா என்ற மருந்தைக் கொடுத்ததும் காதை உயர்த்தி எழுந்து உட்கார்ந்தன! 1957-ல் வெளியான இந்தச் சோதனையிலிருந்துதான் மூளையில் டோப்பமினுக்குள்ள மகிமை தெரிய வந்தது. கார்ல்ஸனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. டோப்பமின் தருவது வெறும் இன்பம் அல்ல. 'இன்னும் வேண்டும், மறுபடியும் போ' என்று உந்தும் நாட்டம்.

இந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதை விளக்கப் பாடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை; வண்டிகளுக்குப் பிரேக் செய்யும் ஊர் அல்லவா இது! நடுமூளையில் டோப்பமினைச் சுரக்கும் நரம்புகள் மீது வேறு சில நரம்புகள் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. அபின் ஏற்பிகள் அந்தப் பிரேக் நரம்புகளின் மேல்தான் நிறைய இருக்கின்றன. அபின் வந்து அமர்ந்ததும் பிரேக்கை அழுத்தும் கால் தளர்கிறது, டோப்பமின் பெருக்கெடுக்கிறது. இந்தச் சூட்சுமத்தை ஜான்ஸன், நார்த் என்ற இருவர் 1992-ல் விளக்கினார்கள். சாராயமும் உடம்பின் சொந்த அபினைத் தூண்டிவிட்டு இதே வழியில் புகுந்துகொள்கிறது. நாளடைவில் மூளை அதற்கே பழகிவிடுகிறது. குழந்தையின் சிரிப்பும் சுடச்சுடச் சோறும் சுவையற்றுப் போகின்றன.

நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரை உண்டு. ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, மற்றதற்கு இடம் கொடுக்காது. குடியை நிறுத்த உதவும் மருந்தாக அமெரிக்காவில் 1994-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரமல்ல. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே 1980 முதல் டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்து வருகிறது.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன்.

"அப்படியானால் அவர் மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டாள்.

"இருக்கிறது, அம்மா. பிரேக் பழுதான வண்டி என்று தெரிந்தும் பட்டறைக்குக் கொண்டு போகாவிட்டால் அது ஓட்டுகிறவன் குற்றந்தான். ஆனால் பழுதான பிரேக்கைச் சத்தியத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது" என்றேன்.

சிகிச்சைக்குப் போனான். இரண்டு தடவை சறுக்கி விழுந்தான். மூன்றாம் தடவை யாரும் இழுத்துப் போகவில்லை. விடியற்காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், சார்?" என்று அவனே கேட்டான்.

நெஞ்சு இல்லாதவன் கேட்கிற கேள்வியா அது?