அந்தமானின் கோடைக் கடலும் ட்ரோக்கஸ் சங்கும்

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த பின், மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவமழை வந்து சேரும் வரை, அந்தமான் கடலில் அலை தணிந்து நீர் தெளிந்திருக்கும். மூழ்கிச் சங்கெடுப்போர்க்கு இதுவே வாய்ப்பான காலம். கடல் இறங்கவிடுகிறது என்பதற்காகவே அதில் உள்ளதை எடுத்துவிடலாமா? இத்தீவுகளின் வரலாறு எழுப்பும் கேள்வி இது.

1930களில் ஜப்பானியப் படகுகள் இங்குள்ள பவளப்பாறைகளில் ட்ரோக்கஸ், டர்போ ஆகிய சங்குகளைத் திரட்டின. உட்புறம் முத்தென ஒளிரும் அவற்றின் ஓடுகள் சட்டைப் பொத்தான்களாயின. ட்ரோக்கஸ் ஆழங்குறைந்த பாறைகளில் பாசியை மேய்ந்து வாழ்வது. ஆகவே எளிதில் கைக்கு அகப்படுவது. எச். சீனிவாச ராவ் அதன் வளர்ச்சி, வாழிடம் பற்றிய ஆய்வுகளை 1936, 1937ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1938இல் தீவுகளுக்கென மீன்வள ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அறிவும் சட்டமும் இருந்தும், 2001இல் இவ்விரு சங்குகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்க நேர்ந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் முத்துக்குளிப்பு இதே அமைதிப் பருவத்தில்தான் நிகழ்ந்தது. ஆனால் கடல் அமைதியுற்றதும் எவரும் குதித்துவிடவில்லை. முதலில் முத்துப் பார்களை ஆய்ந்து, சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மட்டுமே அரசு குளிப்புக்கு நாள் குறித்தது. 1928க்குப் பின் 1955 வரை தூத்துக்குடியில் குளிப்பே இல்லை. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்தது. அதன்பின் அந்தப் பார்கள் மீளவேயில்லை. பொறுத்திருந்து எடுத்த கடலே இவ்வாறாயிற்று என்றால், பொறுக்காத கடலின் நிலை என்னாகும்?

இன்று கோடைக் கடலே மாறிவருகிறது. 2010 ஏப்ரல், மே மாதங்களில் நீர் அளவுக்கு மீறி வெப்பமுற, பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து பரவலாக வெளிறின. ட்ரோக்கஸின் வாழிடமும் அப்பாறைகளே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை அந்தமானுக்கும் உண்டு. விசைப்படகுகளைக் கரையில் நிறுத்த அது உதவும். நீரின் வெப்பத்தை அது தணிக்காது. நாட்காட்டி ஆண்டுதோறும் ஒரே தேதியைத்தான் காட்டும். கடலடியின் நிலையோ ஆண்டுக்காண்டு வேறுபடும். எனவே, சங்கெடுப்பை மீண்டும் அனுமதிப்பது பற்றிப் பேசுவோர், அன்றைய தூத்துக்குடியைப் போல, முதலில் பாறையை ஆய்ந்துவிட்டுப் பேச வேண்டும்.